மாளிகையில் வைத்த பெயர்

கோதுமைக் கஞ்சியில் முக்கிப் பிழிந்த கழுத்துப்பட்டியின் மடிப்புகளுக்குள் சுடுகம்பியை விட்டு நிமிர்த்திக்கொண்டிருந்தாள் டாம்சின். துரை வீடு திரும்பிவிட்டார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் பழையபடி விறைப்பாகப் போக வேண்டுமாம்.

இங்கிலாந்தின் கார்ன்வால் கரையில், எங்கள் ஊர் மாளிகையில் ஒரு வழக்கம். குதிரைக்காரன் யாராக இருந்தாலும் அவன் ராபின். சலவைக்காரி யாராக இருந்தாலும் ஜோன். துரையின் தாத்தா காலத்தில் அந்தப் பெயர்களில் இருவர் இருந்தார்களாம். பிறகு வந்தவர்களிடம் பெயர் கேட்க யாரும் மெனக்கெடவில்லை. மத்தி மீனுக்கு உப்புப் போடும் குடும்பத்தில் பிறந்த டாம்சின் இப்படித்தான் ஜோன் ஆனாள். லாயத்தில் குதிரைக்காரனாக இருந்த டிகரி மட்டும், தனியாக இருக்கும்போது, "டாம்சின்" என்பான். அதற்காகவே அவனைக் கட்டிக்கொண்டதாகச் சொல்வாள்.

ஆம்பிரோஸ் துரை சூதாட்டத்தில் நிலத்தைத் தொலைத்தார். மிஞ்சியதை விற்றுக் கப்பல் வாங்கி, கடல்கொள்ளைக்குக் கிளம்பியபோது டிகரியையும் இழுத்துக்கொண்டு போனார். சில வருஷம் கழித்து எல்லோரும் பிடிபட்டார்கள். மன்னரிடம் பேசத் துரைக்கு ஒரு மாமன் இருந்தார், மன்னிப்புக் கிடைத்தது. ஆட்களில் யாரை விட வேண்டும் என்று துரையையே பெயர் சொல்லச் சொன்னார்களாம். அப்படிப் பிழைத்தவர்கள் ஊர் வந்து சேர்ந்தார்கள். டிகரி வரவில்லை. லண்டனில் வேறு வேறு சிறையில் கிடந்ததால் அவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

"ஏண்டி, பட்டி கருகிடப்போகுது," என்றாள் சமையல்கார வில்மட். "போய்க் கேக்கப்போறியா, இல்ல அந்தக் கம்பிகிட்டயே கேட்டுட்டிருப்பியா?"

"கேக்கத்தான் போறேன்க்கா."

"கேளு. திருடிட்டு வந்தவரே நிமிந்து உக்காந்திருக்காரு. நீ எதுக்குக் குனியறே?"

துரை கணப்புக்குப் பக்கத்தில் இருந்தார். பட்டியை மேசையில் வைத்தாள்.

"ஐயா, எங்க வீட்டுக்காரரு..."

"ராபினா? முதல்ல அவன் பேரைத்தானே சொன்னேன், ஜோன்! ராபின்னு யாருமே இங்க இல்லன்னுட்டான் சிறைக்காரன். வழியிலேயே ஓடிப்போயிருப்பான்னு நெனச்சேன்."

"அவரு பேரு டிகரி, ஐயா. டிகரி நான்ஸ்."

துரையின் கை பட்டியின் மேல் அப்படியே நின்றது.

"டிகரி நான்ஸ்னு ஒருத்தனை..." என்றவர், குரலைத் தாழ்த்திக்கொண்டார். "லண்டன் ஆத்தங்கரையில, கடல்கொள்ளைக்காரங்களைப் போடற வழக்கப்படி தண்ணி வடிஞ்ச நேரத்துல தூக்குல போட்டாங்க. நம்ம பக்கத்துப் பேரா இருக்கேன்னுகூட நெனச்சேன்."

டாம்சின் அழவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"நீதிபதி பேரு கேட்டிருப்பாரு," என்றாள். "கேட்டதும் இவரு உள்ள பேரையே சொல்லியிருப்பாரு, பாவி மனுஷன்."

அவள் கீழே கிடந்த அழுக்குச் சட்டைகளைக் கூடையில் அள்ளிப் போட்டாள். அது எப்போதும் செய்கிற வேலை. கூடையை இடுப்பில் வைத்துக் கதவை எட்டியபோது, பின்னாலிருந்து அவர் கேட்டார்:

"அப்ப... உன் பேரு என்ன?"

டாம்சின் கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.