வாயோரத்து விரிசல்

என் கணவர் இறந்து நாற்பது நாள் ஆன பிறகும் அவருடைய கைப்பேசிக்கு நான் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் என்று யாரும் கேட்கவில்லை. காலையில் என்னுடையதைப் பிடுங்கிவிட்டு அவருடையதைச் செருகுவேன். பிறகு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்புவேன். சங்கராபுரத்துக்குப் பக்கத்தில் ஓர் அரசுப் பள்ளியில் நான் சத்துணவு அமைப்பாளர். அரிசி அளந்து கொடுப்பது, முட்டை எண்ணுவது, சாம்பாரில் உப்புப் பார்ப்பது எல்லாம் தவறாமல் நடந்தன. ஒருநாள்கூட உப்பு கூடவில்லை, குறையவில்லை.

அவர் அரசுப் பேருந்தில் நடத்துநர். கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் வழியாகக் கல்வராயன் மலைக்கு ஏறும் தடத்தில் பல வருஷம் ஓடினார். ஒரு விடுமுறை நாள் காலையில் கிணற்றடியில் பல் துலக்கிக்கொண்டு நின்றவர் அப்படியே கீழே உட்கார்ந்தார். ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் அழவில்லை. துக்கத்துக்கு வந்தவர்கள் அதைக் கவனித்தார்கள். நாத்தனார் என் தோளைப் பிடித்து உலுக்கி, அழுதுவிடு என்றார். அவருக்காகவாவது அழலாம் என்று முயன்று பார்த்தேன். கண் எரிந்ததே தவிர வேறு ஒன்றும் வரவில்லை.

பீரோவின் கீழ்த்தட்டில் என் பழைய புடவைகளுக்குப் பக்கத்தில், தச்சர்கள் மரத்தைச் சீவப் பிடிக்கிற இழைப்புளிகள் பதினான்கு இருந்தன. எல்லாம் இரும்பு இழைப்புளிகள், பெரும்பாலும் வெளிநாட்டில் செய்தவை. அவருக்கு மரம் இழைக்கத் தெரியாது. ஒரு ஸ்டூல்கூடச் செய்ததில்லை. கல்யாணமான மூன்றாம் வருஷம் யாரோ ஒரு தச்சர் பேருந்தில் பையை மறந்துவிட்டு இறங்கிப்போனார். ஆளைக் கண்டுபிடித்துத் திருப்பிக் கொடுக்க மூன்று நாள் ஆனது. அந்த மூன்று நாளும் பைக்குள் இருந்த இழைப்புளியைக் கழற்றி மாட்டிக் கழற்றி மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பிடித்த கிறுக்கு அது. அதன் பிறகு பழைய இரும்புக் கடைகளிலும், வேலையை விட்ட தச்சர்களிடமும், மலையில் சில வீடுகளிலும் தேடித் தேடிப் பார்த்தார். பத்து பார்த்தால் ஒன்றை வாங்குவார். மற்ற ஒன்பதை ஏன் வாங்கவில்லை என்று என்னிடம் சொல்வார். நான் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருப்பேன், அல்லது வருகைப் பதிவேட்டைச் சரிபார்த்துக்கொண்டிருப்பேன். ம் கொட்டக்கூட மாட்டேன். அவரும் அதை எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை.

நாற்பதாம் நாளுக்கு மறுநாள் அவருடைய கைப்பேசி அடித்தது. மலையிலிருந்து ஒருவர் பேசினார். கண்டக்டர் சார் இருக்கிறாரா என்று கேட்டார். வெளியே போயிருக்கிறார் என்று சொல்லிவிட்டேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை. வீட்டில் ஓர் இழைப்புளி இருக்கிறது, பொங்கல் கழித்து வந்து பார்ப்பதாகச் சார் சொல்லியிருந்தார், இன்னும் வரவில்லையே என்றுதான் கூப்பிட்டேன் என்றார். சனிக்கிழமை வருகிறோம் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

அந்த இழைப்புளியைப் பற்றி எனக்குத் தெரியும். அவர் இறப்பதற்கு முந்தைய மாதம் முழுக்க அதைப் பற்றித்தான் பேச்சு. வெள்ளைக்காரன் காலத்துச் சாமான் மலையில் ஒரு வீட்டில் கிடக்கிறதாம் என்பார். போய்ப் பார்த்தீர்களா என்று நான் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலையில் அவர் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டேன். ஒரு சின்ன பாட்டிலில் மண்ணெண்ணெய், பழைய பனியன் துணி, ஒரு திருப்புளி, மருந்துக் கடையில் வாங்கிய பூதக்கண்ணாடி, அரை சாக்பீஸ் எல்லாம் அதில் அப்படியே இருந்தன. கள்ளக்குறிச்சியில் மலைப் பேருந்து நின்றது. நடத்துநர் என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டார். முன்னால் இருந்த ஒரு பையைத் தூக்கி வைத்துவிட்டு எனக்கு இடம் கொடுத்தார். அதன் பிறகு மலை ஏறும்வரை அவர் என் பக்கம் வரவே இல்லை. பின்படியிலேயே நின்றார். கோமுகி அணையைத் தாண்டி வளைவுகள் தொடங்கியபோது பக்கத்தில் இருந்த பெண் ஓர் எலுமிச்சம்பழத்தை நீட்டினாள். வாங்கி மடியில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிமலைக்கு முன்பாகவே, சொல்லியிருந்த நிறுத்தத்தில் கைப்பேசியில் பேசியவர் காத்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். சாமையும் மரவள்ளியும் போடுகிற விவசாயி. நான் இறங்கிய பிறகும் பேருந்தின் படியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார் வரலீங்களா?”

“இல்லீங்க. நாந்தான் வந்தேன்,” என்றேன்.

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. பத்து நிமிஷம் நடந்தோம். வீட்டு வாசலில் சாக்கு விரித்துச் சாமை காயப்போட்டிருந்தது. அவர் மனைவி அதைக் கையால் கிளறிவிட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு பலகை போட்டார்கள். டீ வந்தது. உரச் சாக்கில் சுற்றியிருந்த இழைப்புளியை எடுத்து வந்து அவர் என் முன்னால் வைத்தார். அவர் அப்பா, வனத்துறை ஏலம் விடுகிற கூப்பில் மரம் வெட்டப் போன காலத்தில், காட்டு பங்களா கட்டிய ஒரு தச்சர் கொடுத்ததாம். அதைச் சொல்ல ஆரம்பித்தார். முதலில் பார்த்துவிடுகிறேன், பிறகு கேட்கிறேன் என்று சொன்னேன். சொன்ன பிறகுதான் தெரிந்தது, அது என் கணவருடைய வழக்கம். விற்கிறவர் சொல்லும் கதையைக் கேட்டுவிட்டால் கண் அந்தக் கதையைத்தான் தேடும் என்பார்.

கை அதுவாக வேலை செய்தது. முதலில், மரத்தைச் சீவுகிற தகட்டை அழுத்திப் பிடிக்கிற இரும்பு மூடியைக் கழற்றினேன். அதன் நடுவில் திருகு நுழைகிற ஓட்டை சாவித் துவாரம் மாதிரி இருந்தது. அப்படியிருந்தால் பழசு. பிற்காலத்து மூடியில் அந்த ஓட்டை அவரைக்கொட்டை மாதிரி ஒரு பக்கம் வளைந்திருக்கும். தகட்டை உருவினேன். பாதிக்கு மேல் தேய்ந்து குட்டையாகிவிட்டிருந்தது. யாரோ நிறைய உழைத்திருக்கிறார்கள். தகட்டை மேலும் கீழும் நகர்த்துகிற பித்தளைத் திருகைப் பார்த்தேன். பழையவற்றில் அது சின்னதாக, ஒரு ரூபாய்க் காசளவு இருக்கும். இதில் பெரியதாக இருந்தது. தகட்டைப் பக்கவாட்டில் சாய்க்கிற நெம்பு, ஒரே தகரத்தை மடித்துச் செய்தது. பழையதில் தனியாக ஒரு வட்டத் துண்டை ஆணியடித்துப் பொருத்தியிருப்பார்கள். முன் குமிழ் உயரமாக நின்றது. அந்தக் காலத்துக் குமிழ் குள்ளமாக, லட்டு மாதிரி இருக்கும். குமிழின் அடியில் இரும்பு உடலோடு சேர்த்து வார்த்த ஒரு வளையம் இருந்தது. உயரமான குமிழ்கள் அடியில் பிளந்துபோனதால்தான் கம்பெனிக்காரன் பிறகு அந்த வளையத்தை வைத்தான். பின் கைப்பிடி பலா மரம். வெளிநாட்டிலிருந்து வந்திருந்தால் கறுப்போடிய ஈட்டி மாதிரி மரமாக இருக்கும். இது இங்கேயே யாரோ செதுக்கியது.

ஒன்றையும் யோசித்துச் செய்யவில்லை. அடுத்தது என்ன என்று தேட வேண்டியிருக்கவில்லை. வெண்டைக்காயைப் பார்த்ததும் முற்றலா இளசா என்று தெரிவதைப் போலத் தெரிந்தது. இவ்வளவும் எனக்குள் எப்போது போனது என்று ஆச்சரியப்பட வேண்டிய நேரம் அது. ஆச்சரியம்கூட வரவில்லை.

கடைசியாக வெறும் உடலை மட்டும் ஒரு விரலில் தொங்கவிட்டுத் திருப்புளியால் தட்டினேன். நல்ல வார்ப்பு என்றால் மணி மாதிரி கேட்கும். இது மொட்டையாக ஒலித்தது. தகடு வெளியே எட்டிப் பார்க்கிற வாயைச் சுற்றி மண்ணெண்ணெய் தடவினேன். கொஞ்ச நேரம் ஊறவிட்டுத் துடைத்து, அதன்மேல் சாக்பீஸைத் தேய்த்தேன். மூன்று பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தோம். வெள்ளையில் ஒரு மெல்லிய கறுப்புக் கோடு எழுந்தது. வாயோரத்திலிருந்து பக்கச் சுவர்வரை போனது. உள்ளே புகுந்த எண்ணெய் விரிசல் வழியாகக் கசிந்து காட்டிக்கொடுத்துவிட்டது.

நான் அவரிடம் சொன்னேன். மூடி மட்டும்தான் பழைய காலத்தது, உடல் பின்னால் வந்தது, இரண்டு மூன்று இழைப்புளிகளைக் கலந்து ஒன்றாக்கியிருக்கிறார்கள், போதாததற்கு வாயில் விரிசலும் இருக்கிறது, இதை நல்ல விலைக்கு யாரும் வாங்கக் கூடாது. அவர் முகம் சுருங்கும் என்று நினைத்தேன். அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்.

“சாரும் இதையேதாங்க சொன்னாரு. இதே மாரி சாக்பீசு தேச்சுக் காட்டினாரு.”

“அவரு இத ஏற்கெனவே பாத்துட்டாரா?”

“ரெண்டு தபா வந்து பாத்துட்டாருங்க.”

“அப்புறம் இன்னாத்துக்கு மறுபடி வரேன்னாரு?”

“ஒங்கள இட்டுக்கினு வர்றதுக்குத்தாங்க. எங்க வூட்டம்மாவுக்கு எல்லாம் தெரியும், காதுல வாங்காத மாரியே கேட்டுக்கினு இருக்கும்னு சொன்னாரு. இத அது கையில குடுத்து, இன்னா சொல்லுதுன்னு பாக்கணும்னாரு. அதுவரைக்கும் யாருக்கும் குடுக்காதீங்கன்னாரு.”

சாக்பீஸ் இன்னும் என் கையில் இருந்தது. அதைக் காகிதத்தில் மடித்துப் பைக்குள் வைத்தேன். மண்ணெண்ணெய் பாட்டிலை மூடினேன். மூடி சரியாக இறுகவில்லை. மறுபடி திறந்து மூடினேன்.

“அவரு செத்துட்டாருங்க,” என்றேன். “நாப்பது நாளுக்கு மேல ஆவுது.”

அதுவரை அந்தச் சொல்லை நான் யாரிடமும் சொன்னதில்லை. உறவுக்கெல்லாம் கொழுந்தனார்தான் சொல்லியனுப்பினார். பள்ளிக்கூடத்தில் நான் போவதற்கு முன்பே தெரிந்திருந்தது. நானாக வாயைத் திறந்து சொன்னது அங்கேதான். என் குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. முட்டை பாக்கி எத்தனை என்று சொல்கிற குரல்.

அவர் எழுந்தார். தள்ளிப் போய்ப் பலா மரத்தடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அவர் மனைவி கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாள். முறத்தை இழுத்து மடியில் வைத்துச் சாமையில் கல் பொறுக்க ஆரம்பித்தாள். எனக்கும் கை சும்மா இருக்கவில்லை. முறத்தின் இந்தப் பக்கத்திலிருந்து நானும் பொறுக்கினேன். முறம் முடியும்வரை பொறுக்கினோம்.

“சாப்புடுறீங்களா?” என்று கேட்டாள்.

சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும் போட்டாள். சாப்பிட்டேன். தட்டு காலியானதும் இன்னும் கொஞ்சம் வேண்டும் என்று நானே கேட்டேன். அத்தனை நாளில் எனக்குப் பசித்தது அன்றுதான்.

கிளம்பும்போது அவர் இழைப்புளியை மறுபடி சாக்கில் சுற்றிக்கொண்டு வந்தார். விலையெல்லாம் வேண்டாம், எடுத்துக்கொண்டு போங்கள் என்றார். நான் வேண்டாம் என்றேன். அவர் கதவு, ஜன்னல் சட்டங்களுக்கு அதைத்தான் பயன்படுத்துகிறார். வைரம் பாய்ந்த மரத்தில் போட்டு அழுத்தினால் விரிசல் இன்னும் ஓடும், இளமரத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தேன். மத்தியானப் பேருந்து கிடைத்தது. இறங்குகிற வளைவுகளில் தலை சுற்றியது. கச்சிராயபாளையத்தில் இறங்கி ஓரமாகப் போய் வாந்தி எடுத்தேன். ஒரு கடையில் தண்ணீர் வாங்கி முகம் கழுவினேன். முகம் கழுவும்போது கொஞ்சம் அழுதேனா என்று தெரியவில்லை. தண்ணீர்தான் அது என்று நினைக்கிறேன்.

பிறகு பதினான்கில் ஐந்தை விற்றேன். பழைய இழைப்புளிகள் சேகரிக்கிற ஒருவர் சின்னசேலத்தில் ரயில் இறங்கி வந்தார். ஒவ்வொன்றும் எந்தக் காலத்தது, எது மாற்றிப் போட்டது, எதில் குறை என்று சொல்லித்தான் கொடுத்தேன். அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார், ஒரு தடவை இழைப்புளியைப் பார்த்தார். பேரம் பேசவில்லை. நல்லபடியாக வைத்துக்கொள்வார் என்று தோன்றியது. தோன்றாமல் இருந்திருந்தாலும் கொடுத்திருப்பேன்.

போன வாரம் கள்ளக்குறிச்சியில் ஒரு பழைய இரும்புக் கடைக்குப் போனேன். கடைக்கார பாய் என் கணவரை நன்றாக அறிந்தவர். மிச்சத்தையும் விற்க வந்திருக்கிறேன் என்று நினைத்து நாற்காலி போட்டார். இல்லை, பார்க்க வந்தேன் என்றேன். மூலையில் சைக்கிள் ரிம்களுக்கு அடியில் ஒன்று கிடந்தது. துரு அப்பிப்போய் அடையாளமே தெரியவில்லை. கடை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கழற்றினேன். குள்ளக் குமிழ். சாவித் துவாரம். சின்னப் பித்தளைத் திருகு. வட்டத் துண்டு வைத்த நெம்பு. எல்லாம் ஒரே காலத்தவை. எதையும் யாரும் மாற்றவில்லை. தட்டிப் பார்த்தேன், கணீரென்றது. சாக்பீஸில் ஒரு கோடும் எழவில்லை. பாய் கேட்ட விலையைக் கொடுத்துவிட்டு வாங்கிக்கொண்டேன். சந்தோஷமா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. கையில் கனமாக இருந்தது, அவ்வளவுதான்.

இப்போது அதன் இரும்பு உடல் பின்கட்டில் புளிக்கரைசல் ஊற்றிய பிளாஸ்டிக் வாளியில் ஊறிக்கொண்டிருக்கிறது. துரு முழுக்க விட இன்னும் இரண்டு நாள் ஆகும்.