அஹ்னாப் வந்தால் வேலை செய்யும் கம்பியூட்டர்

அக்குறணையில் கம்பியூட்டர் திருத்தும் அஹ்னாபைத் தெரியாதவர்கள் குறைவு. அவர் கை வைக்குமுன்பே பழுது ஓடிவிடும் என்பார்கள். பாதி உண்மை. அவர் வந்துசேரும்போது எந்தப் பழுதும் இருப்பதில்லை.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குக் கிட்ட டொக்டர்மார் வந்து நோயாளிகளைப் பார்த்துப்போக சாஹுல் ஹமீது ஹாஜியார் நடத்தும் செனலிங் சென்டருக்கு, டொக்டரிடம் நம்பர் பதியும் இணையத்தளத்தைச் செய்தவர் இவர்தான். பதிவுகள் சேரும் கம்பியூட்டர் ஹாஜியாரின் அறையில் இருந்தது. வெளியே வைத்தால் களவு போய்விடுமாம். எப்போதாவது ஒரு பின்னேரம் 'தரவுத்தளத்துடன் இணைப்பு இல்லை' என்று திரையில் விழும். பதிந்துகொண்டிருந்த நம்பர்கள் காணாமற்போகும். கலகெதரவிலிருந்து வந்த நோயாளிகள் வரவேற்பு மேசையிலிருக்கும் மதுஷாவை ஏசுவார்கள்.

அஹ்னாப் மழை விட்டதும் வருவார். மோட்டார் சைக்கிள் நனையக் கூடாது. கடவுச்சொல்லை மாற்றினார், பழைய பதிவுகளை அழித்தார், மென்பொருளைப் புதுப்பித்தார். குற்றம் சொல்ல வேறொன்றும் மிஞ்சாதபோது மதுஷா மிஞ்சினாள்.

"புள்ள பட்டன ரெண்டு தரம் அமத்துறா போல, ஹாஜியார்."

"ஒரு தடவதான் சார் அமத்துறேன்!"

"அப்ப கம்பியூட்டரா பொய் செல்லுது?"

அடுத்த முறையும் நம்பர்கள் தொலைந்தன. மதுஷாவை வேலையிலிருந்து நிறுத்திவிட ஹாஜியார் முடிவு செய்தார். அவளுடைய பெயரை இணையத்தளத்திலிருந்து நீக்க அஹ்னாப், வழமைக்கு மாறாக, மழைக்கு முன்பே வந்தார்.

ஹாஜியாரின் அறையில் அவர் அந்த வேலையில் இருக்கையில், ஹந்தானை மலைப் பக்கம் இடி முழங்கியது. ஹாஜியார் துள்ளி எழும்பினார். இந்தப் பக்கத்தில் எல்லா வீட்டிலும் செய்வதுதான். பிஸ்மி சொல்லி, கம்பியூட்டரின் பிளக்கைப் பிடுங்கினார்.

"சார், இணைப்பு போச்சு!" என்றபடி வாசலுக்கு வந்த மதுஷா, ஹாஜியாரின் கையில் தொங்கிய வயரைப் பார்த்தாள். "இதயும் நான்தான் அமத்துனேனா சார்?"

அஹ்னாபுக்கு விளங்கிவிட்டது. மழை விட்டு அவர் வரும்போதெல்லாம் பிளக் திரும்பச் செருகப்பட்டிருந்திருக்கிறது.

"ஹாஜியார்... இடி நேரம் இத..."

"கழட்டாம? எரிஞ்சா நீங்களா புதுசு வாங்கித் தார?"

"இல்ல, இல்ல. கழட்டத்தான் வேணும். பதியிற ஆளுக்கிட்ட செல்லிட்டு..."

ஹாஜியார் யோசித்தார். "சரி, இனி அவவே கழட்டட்டும்."

மதுஷாவின் வேலை தப்பியது. இடியும் அவள் பொறுப்பில் வந்தது. இனி இணைப்பு போனால் உண்மையிலேயே அவள்தான் காரணம்.

'சிக்கலான தரவுத்தளக் கோளாறு வெற்றிகரமாகத் தீர்க்கப்பட்டது' என்று அஹ்னாப் முகநூலில் போட்டார். மாஷா அல்லாஹ் சொன்னவர்களில் முதல் ஆள் ஹாஜியார்.