பாம்புக்காதுக்குக் கேட்காத குரல்

அந்த மலைக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் தேடிப் பிடிக்கிற வழிகாட்டிக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். இலைமறைவில் கத்துகிற குருவியைக் கண்ணால் பார்க்காமலேயே இன்னது என்று சொல்லிவிடுவார். முப்பது வருஷமாக அந்தக் காதுதான் வீட்டில் அடுப்பெரிய வைத்தது. கடைசி இரண்டு வருஷமாக அதே காது அவரைக் கைவிட்டுக்கொண்டிருந்தது. ஜீப் உறுமுவது கேட்கும், மனைவி திட்டுவது நன்றாகவே கேட்கும். மெல்லிய கீச்சுக்குரல்கள் மட்டும் சுத்தமாகப் போய்விட்டன.

விஷயம் தெரிந்தவன் ஒரே ஒருத்தன், ஜீப் ஓட்டுகிற மச்சினன். பின்னாலேயே நடந்து வருவான். இடப்பக்கம் குரல் வந்தால் இடது தோளைத் தொடுவான், வலப்பக்கம் என்றால் வலது தோளை. காதோரம் பெயரையும் சொல்லிவிடுவான். பாம்புக்காது கையை உயர்த்தி அதையே கம்பீரமாக அறிவிப்பார். திருட்டுத்தனம்தான், யார் இல்லை என்றது? ஆனால் வெளியே தெரிந்தால் அப்புறம் யார் கூப்பிடுவார்கள்?

அன்று காலை ஜீப்பின் டயர் பஞ்சர்.

"அரை மணி நேரம் பொறுங்க மாமா, நானும் வந்துடுறேன்" என்றான் மச்சினன்.

வந்திருந்தவர்கள் ஓய்வுபெற்ற ஒரு டீச்சரும் அவர் கணவரும். அது அவர்களுக்கு மூன்றாவது நாள், கடைசி நாளும்கூட. நீல ஈப்பிடிப்பான் குருவி ஒன்றைப் பார்த்துவிட வேண்டும் என்று டீச்சருக்கு ஒரே ஆசை. "வெயில் ஏறிட்டா அது உள்ள போயிடும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றார். சொன்னவர் இவர்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தால்தானே! இப்போது என்ன சாக்குச் சொல்லி நிற்பது? மச்சினனை விட்டுவிட்டுக் கிளம்பினார்.

பாதையின் இரண்டு பக்கமும் ஆளுயரப் புல். முழங்கால் வலிக்காரரான கணவர் தடியை ஊன்றிக் கடைசியில் வந்தார். பாம்புக்காதுக்குக் காடே ஊமையாகிவிட்டது போலிருந்தது. தோளைத் தொட ஆளில்லாமல் நடப்பது, கண்ணைக் கட்டிக்கொண்டு மாடிப்படி இறங்குவது மாதிரி பயமாக இருந்தது.

பாறைத் திருப்பத்தில் டீச்சர் நின்றார். "அது என்னங்க? வலது பக்கம். மெல்லிசா கீ... கீ...ன்னு?"

பாம்புக்காதுக்கு ஒன்றும் கேட்கவில்லை. 'தெரியலம்மா' என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. பாழாய்ப்போன பட்டப்பெயர் அதை வெளியே விடவில்லை. கையை உயர்த்தினார்.

"உங்க ஆளுதாம்மா. நீல ஈப்பிடிப்பான். சத்தம் போடாம வாங்க, காட்டுறேன்."

டீச்சர் பூரித்துப்போய் நோட்டில் குறித்துக்கொண்டார். மூவரும் புல்லை விலக்கி உள்ளே போனார்கள். இருபதடி. முப்பதடி.

"கிட்டக்க கேக்குதுங்க. ரெண்டு மூணு இருக்கும் போல" என்றார் டீச்சர்.

ரெண்டு மூணா? அது தனியாகத் திரிகிற குருவியாயிற்றே! பாம்புக்காதின் கால் சட்டென்று நின்றது. எதிரே பாறைக்கடியில் ஒரு பொந்து. வாசலில் எலும்பு. உள்ளே புள்ளி போட்ட இரண்டு சின்ன உடம்புகள். குட்டி வாய்கள் திறந்து திறந்து மூடின. தாயைக் கூப்பிடுகின்றன. அவருக்கு அந்த வாய்கள்தான் தெரிந்தன, குரல் இல்லை.

சிறுத்தைக் குட்டிகள். ஐயோ, கூட்டிக்கொண்டு வந்து இங்கேயா விட்டேன்! தாய் எங்கே?

இடப்பக்கப் புல்லிலிருந்து உறுமல் வந்தது. அடிவயிற்றிலிருந்து வந்த கனத்த உறுமல். அது அவருக்கு நன்றாகவே கேட்டது.

"ஓடாதீங்க. முதுகைக் காட்டாதீங்க. அப்படியே பின்னால, ஒவ்வொரு அடியா."

கைகளை விரித்து அவர்களுக்கு முன்னால் நின்றபடி பின்வாங்கினார். டீச்சர் கணவரின் சட்டையை இறுக்கிப் பிடித்திருந்தார். தடி ஒரு கல்லில் இடறி உருண்டது. புல் விலகி மஞ்சள் முகம் ஒன்று தரையோடு தரையாக அவரையே பார்த்தது. முடிந்தது கதை என்று நினைத்தார். என்னை எடுத்துக்கொள், அவர்களை விட்டுவிடு என்று மனசுக்குள் கெஞ்சினார். குட்டிகள் மறுபடி கத்தியிருக்க வேண்டும். தாய் தலையைத் திருப்பியது, பிறகு பொந்தை நோக்கி நடந்தது.

விடுதிச் சாப்பாட்டு அறைக்கு வந்து சேர்ந்தார்கள். மூவரோடு மச்சினனும் மேசையில் உட்கார்ந்திருந்தான்.

"உறுமலை முதல்ல கேட்டது நீங்கதாங்க. உங்க காதுதான் எங்களைக் காப்பாத்துச்சு" என்றார் கணவர்.

டீச்சர் வழக்கம்போல நோட்டைத் திறந்து அன்றைய பட்டியலை வாசித்தார். பார்த்தது ஒரு பக்கம், கேட்டது ஒரு பக்கம். வழிகாட்டி தலையாட்டினால்தான் கணக்கில் சேரும். "நீல ஈப்பிடிப்பானை எடுத்துடுறேன். குட்டிங்க சத்தம்தானே அது. யாருக்கு வேணாலும் தப்பு வரும்."

தப்பு என்று தலையாட்டிவிட்டால் போதும். மச்சினன் மேசைக்கடியில் அவர் காலை மிதித்தே விட்டான். ஆனால் சத்தமில்லாமல் திறந்து மூடிய அந்த வாய்கள் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"தப்பாக் கேக்கலம்மா. எனக்குக் கேக்கவே இல்ல. ரெண்டு வருஷமாச்சு."

டீச்சர் பக்கங்களைப் பின்னால் புரட்டினார். முதல் இரண்டு நாளில் 'கேட்டது' மட்டும் பதினொன்று. "அப்போ இதெல்லாம்?"

"அதெல்லாம் இவன் கேட்டது" என்று மச்சினனின் தோளைத் தொட்டார். "எல்லாம் சரியாத்தான் இருக்கும்."

டீச்சர் நோட்டை மூடினார்.

"அது தெரிஞ்சும் இன்னைக்குத் தனியா எங்களைக் கூட்டிட்டுப் போனீங்களா?" என்றார் கணவர்.

அடங்கிய, கனத்த குரல். ஒரு சொல் விடாமல் பாம்புக்காதுக்குக் கேட்டது.