லிஃப்ட் அண்ணன் போட்ட கையெழுத்து

எங்கள் ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுபவரை எல்லோரும் லிஃப்ட் அண்ணன் என்றுதான் கூப்பிடுவோம். பத்தொன்பது வருடமாக ஒரு முக்காலியில் உட்கார்ந்து மேலேயும் கீழேயும் போய்வருகிற மனுஷன். யாரையும் அதட்டிப் பேசத் தெரியாது. பெரிய டாக்டரைக் கண்டால் முதுகு தானாக வளைந்துவிடும். என் எக்ஸ்ரே அறை லிஃப்டுக்கு நேர் எதிரே இருப்பதால் இந்தக் கண்றாவியை எல்லாம் பார்க்கும் பாக்கியம் எனக்கு.

நான்காவது மாடியில் புது மருந்துகளை நோயாளிகளிடம் சோதித்துப் பார்க்கிறார்கள். படிக்கத் தெரியாதவர் என்றால், மருந்தால் என்னென்ன கெடுதல் வரலாம் என்று பன்னிரண்டு பக்கத்தையும் அவருக்குப் படித்துக் காட்ட வேண்டும். வெளியாள் ஒருவர் கூடவே இருந்து கேட்டு, சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சோதனையை நடத்துகிற பெரிய டாக்டர் கண்டுபிடித்த வெளியாள் நம்ம லிஃப்ட் அண்ணன்! நோயாளி கைநாட்டு வைத்த தாளை நர்ஸ் லிஃப்டுக்குள் நீட்டுவாள். இரண்டாவது மாடி வருவதற்குள் இவர் கையெழுத்து விழுந்திருக்கும்.

"என்னண்ணே, யாருக்குப் படிச்சாங்க, எப்பப் படிச்சாங்க?" என்று ஒருநாள் கேட்டேன்.

"அட போப்பா. அவ்வளவு பெரிய டாக்டர் பொய்யா சொல்லப் போறாரு? நம்ம கையெழுத்தும் ஆராய்ச்சிக்கு உதவுதே!"

சிரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மூட்டுவலி மாத்திரைச் சோதனையில் ஒரு கொத்தனார் சேர்ந்திருந்தார். ஐந்தாவது வாரம் அவருக்குக் கண் மஞ்சளானது. அப்படி ஆனால் அன்றே மாத்திரையை நிறுத்த வேண்டும் என்று ஒன்பதாவது பக்கத்தில் இருக்கிறது. அவருக்கு யார் சொன்னார்கள்? டாக்டர் கொடுத்ததாயிற்றே என்று இன்னும் மூன்று வாரம் வேளை தவறாமல் விழுங்கினார். கல்லீரல் கெட்டுப்போயிற்று. ஆஸ்பத்திரி என்ன சொன்னது தெரியுமா? எல்லாம் படித்துக் காட்டினோம், சாட்சி இருக்கிறது, மீறி விழுங்கியது அவர் தப்பு, இனி வைத்தியம் எங்கள் பொறுப்பில்லை. தூ! வாய் கூசாமல் சொன்னார்கள்.

கொத்தனாரின் மனைவி லிஃப்ட் வாசலிலேயே அண்ணனைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, அவருக்கு யாரும் படிச்சுக் காட்டலன்னு நீங்க ஒரு வார்த்தை சொன்னா போதும். இங்கயே வச்சுப் பாப்பாங்க. எல்லாம் உங்க வாயிலதாண்ணே இருக்கு."

நாலு நாள் அண்ணனுக்குச் சோறு இறங்கவில்லை. "வேலை போயிடுமேப்பா" என்று என்னிடம் வந்து முனகினார்.

"போனா போகட்டும்! அங்க ஒருத்தன் உயிரே போயிட்டிருக்கு!" என்று கத்திவிட்டேன்.

மருந்துச் சோதனைகளைக் கண்காணிக்கிற ஆஸ்பத்திரிக் கமிட்டி அவரை விசாரணைக்குக் கூப்பிட்டது. வெளியே வந்தபோது வியர்த்துக் கொட்டியது, ஆனால் முகத்தில் அப்படியொரு களை.

"சொல்லிட்டேன்பா! படிச்சுக் காட்டவே இல்ல, நான் அந்த ரூம் பக்கமே போனதில்லன்னு பட்டுனு சொல்லிட்டேன். பொறுமையா கேட்டுக்கிட்டாங்க. டாக்டர்கூட தோள்ல தட்டிக் கொடுத்தாரு."

நானும் ஒரு மடையன், சந்தோஷப்பட்டேன்.

மறுநாள் கொத்தனாரின் மனைவி ஒரு கடிதத்தோடு எக்ஸ்ரே அறைக்கு வந்தாள். "என்ன எழுதியிருக்குன்னு பாத்துச் சொல்லுங்க." கமிட்டியின் முடிவு அது: ஆஸ்பத்திரி மேல் தப்பில்லை. கூடவே சாட்சியின் வாக்குமூலம். சத்தமாகப் படித்தேன்: 'படிவம் முழுவதும் என் முன்னிலையில் நோயாளிக்குப் படித்துக் காட்டப்பட்டது என்பதை மீண்டும் உறுதி செய்கிறேன்.' கீழே அண்ணனின் கையெழுத்து, முத்து முத்தாக.

சத்தம் கேட்டு அண்ணன் ஓடிவந்தார். "ஐயையோ, நான் இப்படிச் சொல்லவே இல்லம்மா! நீங்க சொன்னதைத்தான் எழுதியிருக்கோம், கையெழுத்துப் போடுங்கன்னாரு டாக்டர். பெரியவங்க நீட்டுறப்ப எப்படி..."

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை.

"இதையாவது படிச்சுப் பாத்தீங்களாண்ணே?" என்றாள்.

மதியம் கொத்தனாரை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரை லிஃப்டில் கீழே இறக்கியது அண்ணன்தான்.