உதறிய வேட்டி

என் மாமாவின் வலது மணிக்கட்டு கோணலாகிப் போனதற்கு யார் காரணம் என்று இதுவரை யாரும் என்னைக் கேட்டதில்லை. கேட்டிருந்தால் பொய்தான் சொல்லியிருப்பேன். இப்போது எனக்கு எழுபது தாண்டிவிட்டது. கேட்கக்கூடியவர்கள் எல்லோரும் போய்விட்டார்கள். அதனால்தான் எழுதத் துணிகிறேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மாமா என் அம்மாவுக்கு ஒரே தம்பி. காரைக்குடியில் எங்கள் வீட்டோடுதான் இருந்தார். தாத்தா தேக்குக் கதவுகளும் ஊஞ்சல்களும் செய்தவர். மாமாவுக்கு மரத்தில் மனம் ஒட்டவில்லை. ஒரு பஸ் கம்பெனிப் பட்டறையில் நான்கு வருஷம் இருந்து எஞ்சின் வேலை பழகினார். சொந்தமாகப் பட்டறை வைக்க வேண்டும் என்பது அவருடைய ஒரே ஆசை. வைக்க இடம்தான் இல்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி அது. கோட்டையூரில் ஒரு செட்டியார் வீட்டில் சங்கிலி இல்லாத மோட்டார் சைக்கிள் ஒன்று இருந்தது. மலாயாவிலிருந்து திரும்பும்போது அவர் கப்பலில் ஏற்றிவந்த ஜெர்மன் வண்டி. எஞ்சினிலிருந்து ஓர் இரும்புத் தண்டு குழாய்க்குள்ளேயே போய்ப் பின்சக்கரத்தைச் சுழற்றும். பின்டயர் தேய்ந்து, மதராஸிலிருந்து புது டயரும் வந்துவிட்டது. ஆனால் அந்தச் சக்கரத்தைக் கழற்றக் காரைக்குடியில் ஒருவரும் துணியவில்லை. மாமா தானாகப் போய், நான் செய்கிறேன் என்றார்.

"வேலை சுத்தமா இருந்தா, பின்கட்டு வண்டிக் கொட்டகைய நீயே எடுத்துக்க. தெருப்பக்கம் கதவு இருக்கு. பட்டறைக்குத் தோதாத்தான் இருக்கும்" என்று செட்டியார் சொன்னாராம். அன்று மாமா வீட்டுக்கு வந்து அம்மாவிடம் அதை நாலு தடவை சொன்னார்.

வெள்ளிக்கிழமை சக்கரத்தைக் கழற்றி டயரை மாற்றிவிட்டார். சனிக்கிழமை காலை மாட்ட வேண்டும். பள்ளிக்கூடம் இல்லாததால் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். முடிந்ததும் அரியக்குடி வரை ஓட்டிப் பார்ப்பதாகவும், பின்னால் நான் உட்காரலாம் என்றும் பேச்சு. எனக்குப் பதினொரு வயது. முந்தின இரவு சரியாகத் தூங்கவில்லை.

எங்கள் குடும்பத்து ஆசாரிகளிடம் ஒரு வழக்கம் உண்டு. பூட்டோ ஊஞ்சலோ, எதைப் பிரித்தாலும் ஒரு பழைய வெள்ளை வேட்டியை விரித்து, கழற்றிய வரிசையிலேயே சாமான்களை அதில் வைப்பார்கள். மாட்டும்போது கடைசியில் வைத்ததை முதலில் எடுப்பார்கள். எல்லாம் முடிந்ததும் வீட்டுக்காரர் முன்னால் வேட்டியைத் தூக்கி ஒரு உதறு உதறுவார்கள். ஒன்றும் விழவில்லையென்றால் வேலை முடிந்தது. மாமா மரத்தை விட்டாலும் அந்த வேட்டியை விடவில்லை.

செட்டியார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். அவருடைய கார் டிரைவர் தூணில் சாய்ந்து நின்றார். தன்னால் ஆகாத வேலைக்கு ஓர் ஆசாரி வந்தது அவருக்குப் பிடிக்கவில்லை.

"என்ன ஆசாரியாரே, கதவுக்குக் கீல் வைக்கிற மாதிரின்னு நெனச்சிட்டீகளா?"

"கழட்டத் தெரிஞ்சவனுக்கு மாட்டத் தெரியாதாண்ணே" என்றார் மாமா, தலையைத் தூக்காமல்.

"ஒரு சாமான் மிஞ்சட்டும், காரைக்குடி பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நானே போயிச் சொல்லிட்டு வாரேன்."

"சும்மா இருப்பா. வேலை நடக்குதுல்ல" என்றார் செட்டியார். ஆனால் அவரும் சிரித்தார்.

மாமா சக்கரத்தின் நடுவில் இருந்த பற்களை மண்ணெண்ணெயில் துடைத்தார். சுற்றிலும் கிரீஸ் தடவினார். வண்டியின் பக்கமும் அதே மாதிரிப் பற்கள். சக்கரத்தை இரண்டு கையாலும் ஏந்தி, இம்மி இம்மியாகத் திருப்பிப் பல்லுக்குப் பல் பொருத்தித் தள்ளினார். 'களுக்' என்று உள்ளே போய் உட்கார்ந்தது. டிரைவர் தூணை விட்டு நிமிர்ந்து எட்டிப் பார்த்தார். பிறகு நீளமான ஆக்சிலை ஒரு பக்கத்திலிருந்து செலுத்தினார். மறுபக்கத்தில் ஒரு தடித்த வாஷர், அதன்மேல் நட்டு. அவ்வளவுதான் பாக்கி.

அந்த நேரத்தில் செட்டியாரின் மனைவி ஆச்சி எல்லோருக்கும் நீர்மோர் கொண்டுவந்தார். மாமா மரியாதைக்கு எழுந்து, கையைத் துடைத்து, வாங்கிக் குடித்தார். "நல்லா வருமாய்யா?" என்று ஆச்சி கேட்டதற்கு, "வந்துரும் ஆச்சி, கொட்டகைச் சாவிய எடுத்து வைங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே மாமா உட்கார்ந்து நட்டை எடுத்து மாட்டி, ஸ்பேனரால் முழு பலத்தோடு இறுக்கினார்.

வாஷர் வேட்டியில் கிடந்தது. கிரீஸோடு ஒரு மடிப்பில் ஒட்டிக்கொண்டு, என் முழங்காலுக்குப் பக்கத்தில். மாமா எழுந்துபோய்க் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பி வந்து வேட்டியை உதறுவார். கல் தரையில் அது 'ணங்' என்று விழும். டிரைவர் கை தட்டுவார். எனக்கு அந்தச் சத்தம் காதிலேயே கேட்டுவிட்டது. எடுத்து உள்ளங்கையில் பொத்திக்கொண்டேன்.

மாமா வந்து வேட்டியின் இரு முனையையும் பிடித்து உதறினார். ஒன்றும் விழவில்லை. "பரவால்லய்யா" என்றார் செட்டியார். டிரைவர் அங்குட்டுத் திரும்பிக்கொண்டார். மாமாவின் முகத்தை அவ்வளவு வெளிச்சமாக நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

மாமாவின் மேல் இருந்த பாசத்தால்தான் அப்படிச் செய்தேன் என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதில் பாதி உண்மை இருக்கலாம். ஆனால் அடுத்து நடந்ததை அந்தப் பாதியால் மூட முடியாது.

வண்டியைக் கிளப்பிவிட்டு மாமா கூப்பிட்டார். "ஏறு மாப்ளே!"

"வயித்த வலிக்குது மாமா."

"இப்பத்தானய்யா மோர் குடிச்சே? ஏறு, காத்துப்பட்டாச் சரியாப்போகும்."

"நீங்க போயிட்டு வாங்க."

நான் ஏறவில்லை. இரவெல்லாம் தூங்காமல் காத்திருந்த சவாரி அது. ஏறவில்லை. பல்லும் தண்டும் எனக்குப் புரியாவிட்டாலும், கையில் பொத்தியிருந்தது அந்த வண்டியில் இருக்க வேண்டிய சாமான் என்று என் உடம்புக்குத் தெரிந்திருந்தது. என் உடம்பைக் காப்பாற்றிக்கொண்டேன்.

அரியக்குடிக்குத் திரும்பும் வளைவில் சக்கரம் ஆடி விலகியது. பல் விட்டுப்போய், பிரேக்கும் பிடிக்காமல், மாமா சரளைக்கல்லில் விழுந்தார். மாட்டு வண்டியில் போட்டுக் கொண்டுவந்தார்கள். அந்தக் கூட்டத்தில் நானும் அழுதேன். அழுதுவிட்டு, வீட்டுக்குப் போகும் வழியில் வாஷரை ஊருணியில் எறிந்தேன்.

மதராஸிலிருந்து வந்த மெக்கானிக் பிரித்துப் பார்த்து, வாஷர் இல்லை என்றார். அது இல்லாவிட்டால் நட்டு மரை முடிகிற இடம்வரை போய் நின்றுவிடுமாம். கைக்கு இறுகிய மாதிரி இருக்கும், சக்கரத்தைப் பிடிக்காதாம். வண்டிக் கொட்டகைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை. பஸ் ஸ்டாண்டு வரை போய்ச் சொல்லவேண்டிய சிரமமும் டிரைவருக்கு இருக்கவில்லை. ஊருக்குத் தானாகத் தெரிந்துவிட்டது.

கட்டுப் போட்ட கையோடு மாமா ஒரு நாள் என்னிடம் மெதுவாகக் கேட்டார். "நீ பக்கத்துலதானய்யா இருந்தே. வேட்டி காலியாத்தானே இருந்துச்சு?"

"ஆமா மாமா" என்றேன்.

அப்போது சொல்லியிருந்தால் ஒரு அறையோடு போயிருக்கும். ஏன், அன்றைக்கே வாஷரை நீட்டியிருந்தால், "அட, இவன் இங்க ஒளிஞ்சிருக்கானே" என்று நட்டைக் கழற்றி மறுபடி மாட்டியிருப்பார். இரண்டு நிமிஷ வேலை. டிரைவரின் சிரிப்பு ஒரு வாரத்தில் தீர்ந்திருக்கும்.

மணிக்கட்டு கூடியது, கோணலாக. மாமா மறுபடி ஸ்பேனரைத் தொடவில்லை. தாத்தாவின் உளிப்பெட்டியை எடுத்தார். நாற்காலிக்குக் கால் போடுவது, பெட்டிக்குப் பூட்டு வைப்பது என்று வாசலில் உட்கார்ந்து செய்யும் சில்லறை வேலைகள். அதற்கும் வேட்டி விரிப்பார். ஆனால் உதறுவதற்கு முன் வீட்டுக்குள் பார்த்துக் கூப்பிடுவார்.

"மாப்ளே, இங்குட்டு வந்து பாருய்யா. எதுவும் மிச்சம் கெடக்கா?"

நான் புத்தகத்தை வைத்துவிட்டு வருவேன். வேட்டியை ஒருமுறை சுற்றி வந்து, குனிந்து மடிப்புகளைத் தடவிப் பார்த்து, "ஒண்ணும் இல்ல மாமா" என்பேன். அதற்குப் பிறகுதான் உதறுவார்.

தன் கண்ணைத் தானே நம்ப முடியாமல் போன ஒரு மனிதர் கூப்பிடுகிறார் என்பது எனக்கு அப்போது விளங்கவில்லை. வீட்டில் இத்தனை பேர் இருக்க, என்னை மட்டும் கூப்பிடுகிறாரே என்று பெருமையாக இருந்தது.