முறி என்று கத்திய ஊர்

கடலோரத் தெங்கேராவிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் பாய் ஒரு திங்கட்கிழமைக் காலை எங்கள் வாசலில் நிற்காமல் போனார். அக்கா சட்டியும் கையுமாகத் தெருவரைக்கும் ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டாள். சைக்கிளை நிறுத்தினாரே தவிர, கூடையின் மேல் கிடந்த ஈரச் சாக்கை அவர் விலக்கவில்லை. "கீழ விழுந்து கெடக்குறவன நெஞ்சுல மிதிக்கிற மனுசன் வீட்டுக்கு எங்கிட்ட மீனு இல்லம்மா" என்றார். அக்கா சிரித்துவிட்டாள். பாய் சிரிக்கவில்லை. முந்தின சனிக்கிழமை கேளிக்கைப் பூங்காவில் நடந்த மல்யுத்தத்தில் கீழே விழுந்தவரை மிதித்தது என் அத்தான். மிதிபட்டவர் அந்த நேரத்தில் எங்கள் பின்கட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, இன்னொரு தோசை கேட்டுக்கொண்டிருந்தார்.

மலாய் நாட்டுக்கு ஜப்பான்காரன் வருவதற்கு முன்பு நடந்தது இது. ரப்பர் தோட்டத்தில் காய்ச்சல் வந்து அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போய்விட, அக்கா என்னைக் காஜா பேராங்குக்குத் தன்னோடு அழைத்துக்கொண்டாள். அத்தான் பகலில் லாரிகளில் மரம் ஏற்றுவார். சனிக்கிழமை மாலைகளில் பூங்கா மேடையில் பெரிய பயில்வான். அவரோடு மரம் ஏற்றிய சீன இளைஞர் அவருக்கு எதிராளி. அத்தானின் தோளுயரம்கூட இல்லாததால் ஊர் முழுக்க அவருக்குச் சின்ன பயில்வான் என்று பெயர். காஜா பேராங்கில் தமிழர்களோடு வளர்ந்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். அத்தானை அபாங், அதாவது அண்ணன் என்று மலாயில் கூப்பிடுவார்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் பழைய பலகைகளைப் பரப்பி இருவரும் ஒத்திகை பார்ப்பார்கள். குத்து விழுகிற அதே நொடியில் காலால் பலகையை உதைக்க வேண்டும். சத்தம் வந்துவிடும், வலி வராது. மிதிக்கிறபோது பாரம் முழுவதும் மற்றக் காலில் இருக்கும். கையைப் பிடித்து முறுக்கும்போது, பிடிபட்டவர் கட்டைவிரலால் ஒருமுறை அழுத்தினால் 'வலிக்கிறது, விடு' என்று அர்த்தம். இரண்டு முறை அழுத்தினால் 'பரவாயில்லை, மேலே போ'. அத்தான் கெட்டவர், சின்ன பயில்வான் நல்லவர். அப்படித்தான் பூங்கா முதலாளி வேடம் பிரித்துக் கொடுத்திருந்தார். அத்தான் எதிராளியின் கையை முதுகுக்குப் பின்னால் வளைத்ததும் கூட்டம் எழுந்து நிற்கும். தமிழர்கள் "முறி! முறி!" என்பார்கள், மலாய்க்காரர்களும் சீனர்களும் "பத்தா! பத்தா!" என்பார்கள். இரண்டும் ஒன்றுதான். நல்லவர் ஜெயிக்க வேண்டும் என்று சீட்டு வாங்கி வந்தவர்கள்தான், அவருடைய கை முறிவதையும் பார்க்க ஆசைப்பட்டார்கள். கை முறியாது. திமிறி வெளியே வந்து அத்தானைத் தூக்கிப் போடுவார் சின்ன பயில்வான். ஊர் நிம்மதியாக வீடு திரும்பும்.

திரும்பிய பிறகும் அது அவர்களை விடவில்லை என்பதுதான் இப்போது யோசிக்கையில் எனக்கு வியப்பாக இருக்கிறது. பாய் மீன் தர மறுத்தார். தெருமுனைத் தையல்காரர் அத்தானுக்குச் சட்டை தைக்கும்போது முகம் கொடுத்துப் பேச மாட்டார். கணவன் மனைவி சண்டையில்கூட மேடையில் கேட்ட வசனங்கள் வரும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து ஒருவரையொருவர் புழுதியில் புரட்டினார்கள். வாரத்தில் ஒரு மாலை பார்த்ததை மற்ற நாட்களெல்லாம் வாழ்ந்தார்கள். இன்று என் மகன் வீட்டில் பேரப்பிள்ளைகள் தொலைக்காட்சியில் மல்யுத்தம் பார்த்துவிட்டு நாற்காலியிலிருந்து ஒருவர்மேல் ஒருவர் குதிக்கிறார்கள். "சும்மா நடிப்புதானம்மா, ஏன் பயப்படுறீங்க?" என்கிறான் மகன். நடிப்பு என்று எனக்கும் தெரியும். நான் பயப்படுவது மேடையில் இருப்பவர்களைப் பார்த்தல்ல.

ஜப்பானியர் வந்த முதல் வாரங்களில் சீன ஆண்களைத் தேடித் தேடிப் பிடித்தார்கள். சின்ன பயில்வானின் இரண்டு அண்ணன்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவர்கள் திரும்பவே இல்லை. அவரை மட்டும் அத்தான் எங்கள் விறகுக் கொட்டகையில் மறைத்து வைத்திருந்தார். சந்தைக்குப் போகும் வழியில் பாலத்தருகே ஒரு கம்பத்தில் மனிதத் தலை ஒன்று வைக்கப்பட்டிருந்தது. முதல் நாள் அக்கா என் கண்ணைப் பொத்தினாள். பிறகு பொத்துவதை விட்டுவிட்டாள். காவல் சாவடியில் சரியாகக் குனிந்து வணங்காத கிழவரைத் துப்பாக்கிக் கட்டையால் அடித்துப் பல்லைச் சிதறவிட்டதை நானே பார்த்தேன். ஆள்பிடி அடங்கிய பிறகு ஊர் சகஜமாக இருப்பதாகக் காட்ட வேண்டுமென்று பூங்காவைத் திறக்கச் சொன்னார்கள். சூதாட்ட மேசைகள் வந்தன. விளக்குகள் எரிந்தன. மல்யுத்தமும் வேண்டும் என்று உத்தரவு வந்தபோது இரண்டு பயில்வான்களும் போய் நின்றார்கள். போகாமல் இருக்க முடியாது.

அன்று ஜப்பானியர் கொண்டாடிய ஏதோ ஒரு விழா. காஜா பேராங்கிலிருந்து வீட்டுக்கு வீடு ஆட்கள் வந்தாக வேண்டும் என்று சொல்லியிருந்ததால் அக்காவும் நானும் போயிருந்தோம். வெயில் தாழவில்லை. முன்வரிசையில் ஓர் அதிகாரி உட்கார்ந்திருந்தார். தொடக்கத்தில் நன்றாகச் சிரித்தார். நடுவில் சிரிப்பு நின்றது. அவரும் மல்யுத்தம் பயின்றவராம், பிறகு சொன்னார்கள். எழுந்து மேடையேறினார். அத்தானின் கன்னத்தில் அறைந்தார். அடுத்து சின்ன பயில்வானின் கன்னத்தில். மொழிபெயர்ப்பாளன் மலாயில் கத்தினான். "இது வாயாங்! அதிகாரிக்கு வாயாங் வேண்டாம். உண்மையாகச் சண்டை போடுங்கள். ஒருவன் எழுந்திருக்கக் கூடாது. இல்லாவிட்டால் இரண்டு பேரும் எழுந்திருக்க மாட்டீர்கள்." நாடகம், கூத்து, சினிமா எல்லாவற்றுக்கும் எங்கள் ஊரில் வாயாங் என்றுதான் பெயர். துப்பாக்கிமுனையில் கத்தி செருகிய சிப்பாய்கள் மேடையின் நான்கு மூலைகளுக்கும் வந்தார்கள்.

முதல் குத்தை விட்டது சின்ன பயில்வான். அத்தானின் மூக்கிலிருந்து ரத்தம் கொட்டியது. பலகை உதைபடும் சத்தம் இல்லாமல், சதைமேல் எலும்பு விழும் சத்தத்தை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். அது மிகவும் சின்னச் சத்தம். அத்தான் திருப்பி அடித்தார். புருவம் கிழிந்து, உதடு கிழிந்து இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு தள்ளாடினார்கள். கடைசியில் அத்தான் அவரைக் குப்புறத் தள்ளி இடது கையை முதுகுக்குப் பின்னால் வளைத்தார்.

அப்போது பின்னாலிருந்து ஒரு குரல் "முறி!" என்றது. திரும்பிப் பார்த்தேன். எங்கள் தையல்காரர். அவர் பக்கத்திலிருந்தவர் தொடர்ந்தார். பிறகு இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று எல்லோரும் எழுந்துவிட்டார்கள். "முறி! முறி! பத்தா! பத்தா!" சிப்பாய்களுக்குப் பயந்து கத்தினார்கள் என்று சிலர் பிறகு சொன்னார்கள். இருக்கலாம். ஆனால் அவர்கள் முகங்களை நான் பார்த்தேன். அதே கயிறு கட்டிய மேடை, அதே பிடி, பல சனிக்கிழமைகளாகக் கத்திப் பழகிய அதே வாய்கள். கீழே கிடப்பவர் அண்ணன்களைப் பறிகொடுத்த நம் தெருக்காரர் என்பது அந்த வாய்களுக்கு நினைவில்லை. அக்கா மட்டும் எழவில்லை. என் தொடையைப் பிடித்திருந்த அவள் விரல்நகம் பாவாடையைத் தாண்டித் தோலில் இறங்கியது.

அத்தான் நெடுநேரம் அப்படியே பிடித்திருந்தார். பிறகு விறகு ஒடிவதுபோல ஒரு சத்தம். சின்ன பயில்வான் எழவில்லை. அதிகாரி கைதட்டினார். கூட்டம் அத்தானைத் தோளில் தூக்கிக்கொண்டது. அதுவரை கெட்டவராக இருந்தவரை அன்று ஊர் தூக்கியது.

"ரெண்டு தரம் அமுக்குனான்" என்றார் அத்தான் வீட்டுக்கு வந்ததும். "நான் விட்டுறலாம்னுதான் இருந்தேன். ரெண்டு தரம் அமுக்குனான். கைய விட்டா ரெண்டு பேரு உசுரும் போயிரும்னு அவனுக்குப் புரிஞ்சிருக்கு." அக்கா அவர் முகத்து ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தாள். சின்ன பயில்வானை உறவினர்கள் புக்கிட் பாருவில் ஒரு காய்கறித் தோட்டத்துக்குத் தூக்கிப்போய்விட்டார்கள். பார்க்கப் போனால் ஜப்பானியர் பின்னாலேயே வருவார்கள் என்று அத்தான் போகவில்லை. எங்கள் சந்தில் பிள்ளைகள் கைமுறிக்கும் விளையாட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாரமே ஒரு பையனின் முழங்கை பிசகி, அவன் ஊளையிட்ட சத்தம் தெருவெல்லாம் கேட்டது. சுற்றி நின்ற மற்றப் பிள்ளைகள் கைதட்டினார்கள்.

மொழிபெயர்ப்பாளன் ஒரு மூட்டை அரிசியோடு வந்தான். மரவள்ளிக்கிழங்கைத் தவிர வேறெதுவும் கண்ணில் படாத காலம் அது. "அதிகாரிக்குச் சந்தோஷம். அடுத்த சனிக்கிழமை சிறையிலிருந்து ஆள் கொண்டுவருகிறோம். ஒவ்வொருத்தனாக விடுவோம். நீ முடித்துவிட வேண்டும்" என்றான். அத்தான் இடுப்புவரை குனிந்து வணங்கினார்.

மறுநாள் மத்தியானம் அக்கா கிழங்கு இடித்துக்கொண்டிருந்தாள். அத்தான் வந்து அம்மிக்கல்லின் மேல் தன் வலது கையை விரித்து வைத்தார்.

"அந்த உலக்கையால அடி."

"என்னாங்க இது?"

"நானே அடிச்சிக்கிட்டா பாதியில கை நின்னுரும். பாதிக் கையோடயும் மேடையில ஏத்துவானுங்க. நீ அடிச்சாதான் சரியா வரும்."

"என்னால ஆவாது."

"செயில்ல கெடந்து வர்றவன நான் கொல்லணும். அது உன்னால ஆவுமா?"

அக்கா கொஞ்ச நேரம் அவர் கையையே பார்த்தாள். பிறகு என்னிடம் கதவைச் சாத்திவிட்டுக் கிராமபோனைப் போடச் சொன்னாள். மேடைச் சண்டையில் கிடைத்த காசில் அத்தான் வாங்கிய பழைய பெட்டி அது. நான் சாவி கொடுத்து, கைக்கு வந்த ஒரு நாடகப் பாட்டைச் சுழலவிட்டேன். அத்தான் துண்டை வாயில் திணித்துக்கொண்டார். முதல் அடி கல்லில் விழுந்து தீப்பொறி பறந்தது. அடுத்தது விரல்களில். அதற்கடுத்தது மணிக்கட்டுக்குக் கீழே. அக்கா அழவில்லை. உலக்கையைத் தூக்கும்போது பாட்டின் தாளத்துக்கு மாறாக வேண்டுமென்றே நிதானமாகத் தூக்கினாள். அத்தானின் கண்ணில் வெள்ளை மட்டும் தெரிந்தது. வேலிக்கு அப்பால் துணி துவைத்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுப் பெண், எங்கள் கிராமபோனோடு சேர்ந்து சந்தோஷமாகப் பாடிக்கொண்டிருந்தாள்.

லாரியிலிருந்து மரம் விழுந்துவிட்டது என்று சொன்னோம். மொழிபெயர்ப்பாளன் கையில் சுற்றியிருந்த துணியை அவிழ்த்து, வீங்கிக் கறுத்த விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்தான். அத்தான் மயங்கி விழுந்ததும் வயிற்றில் உதைத்தான். அரிசி மூட்டையைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனான். அந்தச் சனிக்கிழமை சிறைக்கைதிகளை ஒருவரோடு ஒருவர் மோதவிட்டார்கள். நாங்கள் போகவில்லை. காற்று எங்கள் பக்கம் வீசியபோதெல்லாம் கூட்டத்தின் கத்தல் அலையலையாக வந்தது. அரிசி போன கதையை யார் நம்பினார்கள்? பெரிய பயில்வான் ஜப்பானியரிடம் பரிசு வாங்கி வாழ்கிறான் என்றுதான் ஊர் பேசியது.

ஜப்பான் சரணடைந்ததும் காட்டில் ஒளிந்து அவர்களை எதிர்த்துப் போராடிய இளைஞர்கள் துப்பாக்கியோடு இறங்கினார்கள். ஜப்பானியருக்கு உதவியவர்களைத் திடலில் நிறுத்தி, கூடியிருக்கும் ஜனங்களிடமே என்ன செய்யலாம் என்று கேட்டார்கள். ஜனங்கள் சொன்னதைச் செய்தார்கள். ஒரு நாள் காலையில் அவர்களில் மூன்று பேர் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். சாட்சிக்காகச் சின்ன பயில்வானையும் கூட்டிவந்திருந்தார்கள். இளைத்துப் பாதியாகியிருந்தார். இடது கை முழங்கையிலிருந்து வெளிப்பக்கமாகக் கோணிப் போயிருந்தது.

"இவன்தானே உன் கையை முறித்தது?" என்று தலைவன் மலாயில் கேட்டான்.

"ஆமா. நான்தான் முறிக்கச் சொன்னேன்."

"ஊரே பார்த்திருக்கிறது. அரிசி வாங்கினான், சிகரெட் வாங்கினான் என்கிறார்கள்."

சின்ன பயில்வான் அத்தானைப் பார்த்தார். அத்தான் வலது கையைத் துண்டுக்குள் மறைத்து வைத்திருந்தார். சின்ன பயில்வான் அருகில் போய்த் துண்டை விலக்கினார். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டி, காய்ந்த இஞ்சிபோல இருந்தது அந்தக் கை. அவருக்கு அது புதிய செய்தி.

"யாரு அபாங்? ஜப்பானா?"

"நான்தான்" என்றாள் அக்கா. "மறுபடி மேடையேத்தக் கூடாதுன்னு நான்தான் ஒடச்சேன். ஒங்களுக்கு ஆள் வேணும்னா என்னையக் கூட்டிக்கிட்டுப் போங்க."

தலைவன் அந்தக் கையையும் அக்காவையும் மாறிமாறிப் பார்த்தான். அவர்களில் சிறியவன் துப்பாக்கியைக் கீழே தாழ்த்திவிட்டான். சின்ன பயில்வான் சீன மொழியில் தாழ்ந்த குரலில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். முடிந்ததும் தலைவன் தெருப்பக்கம் திரும்பி, "திடலில் ஜனங்கள் காலையிலிருந்து காத்திருக்கிறார்கள்" என்றான். துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டான். "சரி. வேறு ஆள் கிடைப்பான்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனான்.

சின்ன பயில்வான் போகவில்லை. அக்கா அவித்த கிழங்கும் கறுப்புக் காப்பியும் வைத்தாள். இருவரும் பின்கட்டில் எதிரெதிரே உட்கார்ந்தார்கள். சின்ன பயில்வான், "அக்கா, நீங்கதான் மேடையில ஏறியிருக்கணும். ஒருத்தன் நிக்க மாட்டான்" என்றார். அத்தான் வாய்விட்டுச் சிரித்தார். எல்லாவற்றிலும் அழாமல் நின்ற என் அக்கா, அந்தச் சிரிப்பைக் கேட்டதும் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

அப்போதுதான் திடலிலிருந்து சத்தம் வந்தது. பெரிய கூட்டம். அன்று அகப்பட்டவர் பூங்கா வாசலில் சீட்டுக் கிழித்துக் கொடுத்தவர் என்று மறுநாள் சொன்னார்கள். சத்தம் ஏறிக்கொண்டே போனது. சின்ன பயில்வான் எழுந்து சன்னலைச் சாத்தப் பார்த்தார். கொக்கி ஒரு பக்கம் வர, கதவு இன்னொரு பக்கம் போனது. கோணிய கையால் இரண்டையும் சேர்த்துப் பிடிக்க முடியவில்லை. அத்தான் போய்த் தன் இடது கையால் கதவைத் தள்ளிப் பிடித்துக்கொண்டார். மற்றவர் கொக்கியை மாட்டினார்.