இரண்டு வருடத்துக்கு முந்திய வருமானம்

நியூ ஜேர்சியில் இருக்கும் என் அக்காவை எங்கள் குடும்பத்தில் எல்லோரும் பணக்காரி என்றுதான் சொல்வார்கள். அத்தான் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். நாங்கள் கனடாவில், ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் ஒஷாவாவில் தொழிற்சாலை வேலைக்குப் போய் வந்தார். அக்கா ரொறன்ரோவுக்கு வந்தால் பிள்ளைகளுக்குப் புது உடுப்பு வரும்.

அத்தானுக்கு மறதி நோய் வந்தது. முதலில் கார் ஓட்டிய பாதை மறந்தது. பிறகு அக்காவையே மறந்தார். ஒருநாள் யாரோ வீட்டுக்குள் புகுந்துவிட்டதாக நினைத்து அவளைத் தள்ளிவிட்டார். விழுந்ததில் அவளுக்குக் கை முறிந்தது. அதன் பிறகே அவரைப் பராமரிப்பு இல்லத்தில் சேர்த்தாள்.

அமெரிக்காவில் முதியவர்களுக்கான அரச மருத்துவக் காப்புறுதியை மெடிகெயர் என்பார்கள். அது அந்த மாதிரி இல்லங்களின் செலவைக் கொடுப்பதில்லை. இடம் கிடைக்க முதலிலேயே பெருந்தொகை கட்ட வேண்டியிருந்தது. ஓய்வுகாலத்துக்கென்று சேர்த்ததில் பெரும் பங்கை ஒரேயடியாக எடுத்துக் கட்டினாள்.

இரண்டு வருடம் கழித்து என் மகளின் கலியாணத்துக்கு வந்தாள். மண்டபத்தில் எல்லோருடனும் சிரித்துக் கதைத்தாள். மறுநாள் காலை, குசினி மேசையில் தேத்தண்ணியை வைத்துக்கொண்டு விஷயத்தைச் சொன்னாள்.

"எங்கள் ரெண்டு பேருக்கும் மெடிகெயர் பிரீமியத்தைக் கூட்டிப்போட்டாங்கள்."

"ஏன்?"

"கூட வருமானம் உள்ளவை கூடக் கட்டவேணுமாம். ரெண்டு வருசத்துக்கு முந்தின வருமானத்தைத்தான் பாப்பாங்களாம். சேமிப்பில இருந்து அவருக்கெண்டு எடுத்த காசு எல்லாம் அந்த வருசத்து என்ர வருமானமாம்."

அங்கிருந்தே பிரீமியத்தைத் தீர்மானிக்கும் அரச அலுவலகத்துக்கு அழைத்தாள். நானும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டாள். நெடுநேரம் பாட்டுக் கேட்ட பின் ஒரு பெண் பொறுமையாகப் பேசினாள். உங்கள் வாழ்க்கையில் ஏதாவது மாறியதா என்று கேட்டாள். கணவருக்கு மறதி நோய், பணம் முழுவதும் அவரின் பராமரிப்புக்கே போய்விட்டது என்றாள் அக்கா. வேலையை விட்டிருந்தால், விவாகரத்து ஆகியிருந்தால், கணவர் இறந்திருந்தால் பிரீமியத்தை மறுபடி பார்க்கலாம்; நோயை ஒரு காரணமாக எடுக்க விதியில் இடமில்லை என்றாள் அந்தப் பெண். அக்கா நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தாள்.

கணக்காளராக இருக்கும் என் மகன் தன் கணினியில் தேடிப் பார்த்தான். "பெரியம்மா, அவங்கள் சொல்லுறது கரெக்ட். ஒண்டும் செய்யேலாது."

"இஞ்ச வந்திடுங்கோவன் அக்கா" என்றேன். சொல்லும்போதே எனக்கு அது நடக்காத காரியம் என்று தெரியும்.

"அவரை என்னெண்டு கொண்டு வாறது? எங்களை ஆர் எடுப்பான்?"

அந்தக் கிழமை கண்புரைக்காக மருத்துவமனையில் எனக்கு ஒரு சந்திப்பு இருந்தது. அக்காவும் கூட வந்தாள். நான் சுகாதார அட்டையைக் காட்டிவிட்டு, காசு ஒன்றும் கட்டாமல் வந்து உட்கார்ந்தேன்.

"உவ்வளவுதானோ?" என்று கேட்டாள்.

"ஓம்."

இந்த நாளுக்கு எத்தனை மாதம் காத்திருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன். சொல்லவில்லை. அவள் என் அட்டையை வாங்கி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தாள்.

அடுத்த குளிர்காலத்தில் அத்தான் போய்விட்டார். நான் பஸ்ஸில் போய்ச் செத்தவீட்டுக்கு நின்றுவிட்டு வந்தேன். அக்கா அழவில்லை. வந்தவர்களுக்குக் கோப்பி போதுமா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

சில கிழமைகளின் பின், தமிழ்க்கடையில் மீன் வெட்டக் கொடுத்துவிட்டு நின்றபோது அழைத்தாள்.

"பிரீமியத்தைக் குறைச்சுப்போட்டாங்கள். இந்த முறை காரணம் சரியாம்."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. பிறகுதான் அந்தப் பெண் அன்று சொன்ன மூன்றாவது காரணம் நினைவுக்கு வந்தது.

"போனை எடுத்த பெட்டை நல்ல பிள்ளை" என்றாள் அக்கா. "அவர் செத்ததுக்குக் கவலை சொல்லிப்போட்டு, செய்யவேண்டியதை உடனே செய்து தந்தவள். அவளில பிழை இல்லைத்தானே?"

"இல்லை அக்கா."

"அவர் அங்க என்னைத் தெரியாமல் கிடக்கேக்க ஒருத்தராலும் ஏலாமல் போச்சு."

மீன்காரர் என் எண்ணைக் கூப்பிட்டார். நான் போகவில்லை. அக்காவுக்குச் சொல்ல ஏதாவது வேண்டும் என்று தேடினேன்.

"சாப்பிட்டனீங்களே?" என்றேன்.

"இன்னும் இல்லை" என்றாள். நான் தொலைபேசியைக் காதில் வைத்தபடியே மீனை வாங்கப் போனேன்.